கிளிப்பச்சைச் சேலையும் சாம்பல் மாப்பிள்ளையும்

கெலாங் பாத்தா,
வியாழன், விடியற்காலை

என் ஆருயிர் வாயாடிக்கு,

பசியாறிவிட்டாயா? இங்கே இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. மனுஷன் நாலு மணிக்கே மோட்டாரை உதைத்துக்கொண்டு இரண்டாவது பாலம் வழியாகத் துவாஸுக்குப் போய்விட்டார். 1998இல் அந்தப் பாலம் திறந்தபோது, இனி சிங்கப்பூர் பக்கத்து வீடு மாதிரி என்று ஊரே குதித்தது. பக்கத்து வீட்டுக்குப் போக யாரடி நாலு மணிக்கு எழுந்திருக்கிறார்கள்? அவர் போனபிறகு எனக்குத் தூக்கம் பிடிக்காது. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது ஒருத்தியின் கல்யாணப் படத்தைத் துடைக்க உட்கார்ந்துவிடுவேன். தெரியுமே உனக்கு, ஜொகூர் பாரு, ஸ்கூடாய் பக்கத்துப் போட்டோக்காரப் பையன்கள் மூன்று நாலு பேர் படத்தை எடுப்பார்கள், கலர் வேலை என் தலையில் விழும்.

நேற்று நீ அனுப்பிய குரல் பதிவு ஏழு நிமிஷம். அதில் ஐந்து நிமிஷம் உன் மாமியார் முட்டிவலி, ஒன்றரை நிமிஷம் கிள்ளானில் மீன் விற்கிற விலை. கடைசி அரை நிமிஷத்தில்தான் விஷயத்துக்கு வந்தாய்: 25ஆவது கல்யாண நாளுக்குக் கூடத்தில் பெரிய படம் மாட்ட வேண்டும், பழைய கல்யாணப் படத்தில் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கி உன் சேலையை மட்டும் கலரில் விட வேண்டும், 'ரெண்டு நிமிஷ வேலைதானே' என்று. அடியே, இதற்கு வாட்ஸ்அப்பில் பதில் அடங்காது. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். முதலில் உன் வீட்டுக்காரரை நினைத்துப் பார். 25 வருஷத்தில் அவர் வெளுத்தது போதாதென்று படத்திலும் சாம்பலாக்கப் பார்க்கிறாயா?

சும்மா சொல்லவில்லை. போன வருஷம் நடந்த கூத்தைக் கேள். ஒரு பெண் இதே மாதிரிதான் கேட்டாள். அரக்குச் சேலை மட்டும் தகதகவென்று நிற்க வேண்டும், மற்றதெல்லாம் சாம்பல். செய்து கொடுத்தேன், அழகாகத்தான் வந்தது. ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு மண்டப வாசலில் நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலை சரசரக்க வந்தார், படத்தைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். "என்ன இது, எம்புள்ளய காரியத்துக்கு வச்ச படம் மாதிரி செஞ்சிருக்காங்க!"

நான் நாசி பிரியாணித் தட்டோடு மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கழுத்தில் மாலை, முகம் கறுப்பு வெள்ளை. நம் வீடுகளில் மாலை போட்ட கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரே அர்த்தம்தானே? தேதி மட்டும்தான் போடவில்லை. மாப்பிள்ளை பாவம், அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, உயிரோடு இருப்பதற்குச் சாட்சி மாதிரி, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். படத்தை ஒன்பது மணிக்குள் பூச்செடிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். பணம் மட்டும் ஒழுங்காக வந்தது. 

அன்றைக்குப் புரிந்தது எனக்கு. ஒன்றைக் கலரில் விடுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். பார்க்கிறவர்களோ, யாரை வெளுத்தார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

இன்னொருத்தி வந்தாள், கொஞ்சம் விவரமானவள். "அக்கா, ஆளை வெட்டி ஒட்ட வேணாம். சிவப்பை மட்டும் வச்சிட்டு மத்த கலரெல்லாம் எடுத்துருங்க" என்றாள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. போட்டோஷாப்பிலும் லைட்ரூமிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் உண்டு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகக் கீழே இழுத்தால் சிவப்பு மட்டும் நிற்கும். இழுத்தேன். சேலை நின்றது, குங்குமம் நின்றது. கூடவே வரிசையாக நாற்பது சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியும் நின்றது. மேசையில் இருந்த ஏர் பண்டோங் குவளைகள் ரோஸ் கலரில் மின்னின. எல்லாவற்றுக்கும் மேல், பின்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு மாமா வாயைத் திறந்து சிரிக்கிறார் பார், முகம் முழுக்கச் சாம்பல், வாய் மட்டும் இரத்தச் சிவப்பு. ராத்திரி நேரத்தில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்து நான் பயந்த பயம்!

நிறத்தை வைத்துத் தேடினால் கம்ப்யூட்டருக்குச் சேலை என்றும் நாற்காலி என்றும் வித்தியாசம் தெரியாது. அதனால் கையால்தான் மாஸ்க் வரைய வேண்டும். எங்கே கலர் இருக்க வேண்டும், எங்கே போக வேண்டும் என்று தூரிகையால் ஓரம் ஓரமாகத் தடவுகிற வேலை. முந்தானை நுனி, விரல் இடுக்கு, சேலைக்கு மேல் தொங்கும் மாலையின் ஒவ்வோர் இதழும் கணக்கு. 'ரெண்டு நிமிஷ வேலை' என்றாயே!

மயில் கழுத்து நிறச் சேலை வந்தால் இன்னும் மோசம். அதில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் முந்தானை பாதி செத்துப்போகும், இஸ்திரி போடும்போது தீய்ந்தது மாதிரி. இதைவிடப் பெரிய தலைவலி ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயில். ராஜகாளியம்மன் கோயிலுக்கு நீ வந்திருக்கிறாய்தானே? சுவர், தூண், விதானம் எல்லாம் கலர் கண்ணாடித் துண்டு. அங்கே சிவப்புச் சேலையோடு ஒருத்தி நின்றால் அவள் ஒருத்தி இல்லை, ஆயிரம் பேர். ஒவ்வொரு சில்லிலும் அவள் சேலையின் ஒரு பொட்டு தெரிகிறது. சேலையை மட்டும் கலரில் விட்டுச் சுவரைச் சாம்பலாக்கினால் கண்ணாடி பொய் சொல்கிறது. பொட்டுகளையும் விட்டால் சுவருக்கு அம்மை போட்டது மாதிரி இருக்கிறது. இரண்டு ராத்திரி முட்டி மோதிவிட்டு, அந்தப் பெண்ணிடம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்: "தங்காச்சி, அம்மா கோயில்ல அம்மா கலரோடதான் இருப்பா, விட்டுடும்மா." ஒத்துக்கொண்டாள். அம்மன் பெயரைச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்!

சரி, மற்றதைக் கறுப்பு வெள்ளையாக்குவதாவது எளிதா என்றால், அதிலும் ஒரு சூது இருக்கிறது. போட்டோஷாப்பில் 'டீசாச்சுரேட்' என்று ஒரு கட்டளை. தட்டினால் அடுத்த நொடி எல்லாக் கலரும் போய்விடும். ஆனால் அது எப்படிக் கணக்குப் போடுகிறது தெரியுமா? ஒரு புள்ளியில் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று மூன்று எண் இருக்கும். அதில் பெரியதையும் சின்னதையும் கூட்டிப் பாதியாக்கும், அவ்வளவுதான். முழுச் சிவப்பு என்றால் 255, 0, 0. பாதி 128. முழுப் பச்சைக்கும் அதே 128. முழு மஞ்சளுக்கும் அதே. ஆக, தாம்பாளத்தில் குங்குமமும் மஞ்சளும் வெற்றிலையும் கொழுத்த கலரில் பக்கம் பக்கமாக இருந்தால், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். தாம்பாளத்தில் சிமெண்டைக் கொட்டின மாதிரி.

நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே அளவு வெளிச்சத்தில் பச்சைதான் நமக்கு ரொம்பப் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கல். பழைய டிவி இன்ஜினியர்களே இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்: நூற்றில் பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. கலரில் அனுப்புகிற நிகழ்ச்சி கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் ஒழுங்காகத் தெரிய வேண்டுமே, அதற்காக. அதனால் நான் 'டீசாச்சுரேட்'டைத் தொடுவதே இல்லை. பக்கத்திலேயே 'பிளாக் அண்ட் ஒயிட்' என்று வேறொன்று இருக்கிறது, ஆறு நிறத்துக்கு ஆறு ஸ்லைடர். எந்த நிறம் எவ்வளவு கறுக்க வேண்டும், எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். பச்சையைக் கொஞ்சம் இறக்கி மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றினால் வாழை இலை கறுத்து, அதன்மேல் லட்டு எழுந்து நிற்கும்.

அதில் சிவப்பை மட்டும் அடிமட்டம் வரை இழுத்துப் பார்த்தேன் ஒருநாள், சும்மா விளையாட்டுக்கு. மணப்பெண் நெற்றியில் குங்குமம் மைப்பொட்டாகிவிட்டது, உதடு கறுத்துவிட்டது. அடடா, இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், எங்கள் கொள்ளுப்பாட்டி! கப்பலேறுவதற்கு முன்னால் நாகப்பட்டினத்தில் எடுத்த அந்தப் பழுப்புப் படம் ஞாபகம் இருக்கிறதா, அம்மா பெட்டியில் சேலைக்கடியில் இருக்குமே? அதில் பாட்டி கரும்பொட்டு வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை காலம் நினைத்தோம். அந்தக் காலத்து பிலிம் பலவற்றுக்குச் சிவப்பே தெரியாது. சிவப்பு வெளிச்சம் பட்டாலும் அதில் பதியாது, அதனால்தான் இருட்டறையில் தைரியமாகச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கழுவினார்கள். குங்குமம் கறுப்பாக விழுந்துவிட்டது. பாட்டி வைத்திருந்தது நல்ல சிவப்புக் குங்குமம்தான் என்று நூறு வருஷம் கழித்து ஒரு ஸ்லைடர் வந்து சொல்கிறது எனக்கு.

கலரே இல்லாத காலத்தில் ஒற்றைக் கலருக்கு இருந்த ஆசையைக் கேட்டால் சிரிப்பாய். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் பஞ்சையும் மெல்லிய தூரிகையையும் வைத்துக் கன்னத்துக்கு ரோஜா நிறம், உதட்டுக்குச் சிவப்பு, நகைக்கு மஞ்சள் தடவுகிற ஆள் ஸ்டூடியோவில் தனியாக இருப்பார். எங்கள் பெரியம்மா படத்தில் முகம், சேலை எல்லாம் சாம்பல், கழுத்தில் அட்டிகை மட்டும் தங்கமாக ஜொலிக்கும். அந்த அட்டிகையைப் பற்றிக் குடும்பத்தில் மூன்று தலைமுறைச் சண்டை நடந்ததே, யார் எடுத்துக்கொண்டார்கள் என்று? போன தீபாவளிக்கு அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டிகைக்கு நிழலே இல்லை! தூரிகைத் தடம் அப்படியே தெரிகிறது. பெரியம்மா போட்டிருந்தது வெறும் கருகமணி, அட்டிகை ஸ்டூடியோக்காரர் வரைந்து கொடுத்தது. இதை இன்னும் சின்ன மாமாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லித் தொலைக்காதே.

சினிமாக்காரர்களுக்கும் இந்த ஆசை விட்டதில்லை. எம்.ஜி.ஆர். தானே எடுத்து தானே இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) முன்பகுதி கறுப்பு வெள்ளை, பின்பகுதி கலர். சரோஜாதேவி வரும்போது கலரும் வருகிறது என்று அப்பா சொல்லிச் சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். கமலின் 'ஹே ராம்' (2000) படத்தில் தலைகீழ். கிழவராகப் படுத்திருக்கும் இன்றைய காலம் கறுப்பு வெள்ளை, பழைய நினைவெல்லாம் கலர். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வயசானவர்களுக்கு அப்படித்தானே இருக்கிறது? இங்கிலீஷில் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) பார்த்திருப்பாய், கறுப்பு வெள்ளைக் கூட்டத்துக்குள் சிவப்புக் கோட்டுப் போட்ட குழந்தை ஒன்று நடக்கும். மூன்று மணி நேரப் படத்தில் ஒரே ஒரு குழந்தை. அப்புறம் அந்தக் கோட்டை எங்கே பார்க்கிறோம் என்பதற்காகத்தான் அந்தச் சிவப்பு. கல்யாண ஆல்பத்தில் முப்பது பக்கத்துக்கு முப்பது சிவப்பு வைத்தால் என்ன எடுபடும், சொல்?

இப்போது வந்திருக்கும் புதுப் பைத்தியம் வேறு. பிரவுன் டோன்! காசு கொடுத்து ஒரு 'பிரீசெட்' வாங்கிவைத்திருக்கிறார்கள் பையன்கள். தட்டினால் பச்சை எல்லாம் செத்துப் பழுப்பாகும், மஞ்சள் எல்லாம் வெளிறும். தஞ்சோங் குப்பாங் கடற்கரையில் எடுத்தாலும் சரி, செம்பனைத் தோப்பில் எடுத்தாலும் சரி, வைக்கோல் போருக்கு நடுவில் நிற்கிற மாதிரி வரும். இந்த ஊரில் வருஷம் முழுக்க மழையடி! இலையில் சொட்டுகிற பச்சையை வழித்தெடுத்துவிட்டு எதற்காக வறட்சி காட்ட வேண்டும்? 

அதைவிட எனக்கு எரிச்சல் அந்த ஆரஞ்சு ஸ்லைடர். மனுஷத் தோல், கறுப்போ சிவப்போ மாநிறமோ, பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள்தான் வந்து விழும். அதன் அடர்த்தியைக் குறைத்து வெளிச்சத்தை ஏற்றினால் எல்லாரும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகிவிடுவார்கள். "கொஞ்சம் வெளுப்பா காட்டுங்கக்கா" என்று கேட்காத குடும்பம் பத்துக்கு இரண்டுதான். ஆனால் அதே ஆரஞ்சுக்குள்தான் தாலிக்கொடி இருக்கிறது, மஞ்சள் பூசின கன்னம் இருக்கிறது, செவ்வந்தி மாலை இருக்கிறது, மருதாணி இருக்கிறது. தோலை வெளுத்தால் அத்தனையும் சேர்ந்து வெளுக்கும். தாலிக்கயிறு மஞ்சளாக இல்லாவிட்டால் அப்புறம் அது வெறும் நூல்தானே? நான் அந்த ஸ்லைடரைத் தொடமாட்டேன் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் என்னிடம் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். போகட்டும்.

இப்போது ஊர்க்கதை ஒன்று. எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்குத் தமிழ்நாட்டுச் சம்பந்தம் அமைந்தது. பத்திரிகை அடித்து அனுப்பிவிட்டார்கள், மணமகள் இல்லம், கெலாங் பாத்தா என்று. அங்கே யாரோ ஒரு படித்த சித்தப்பா ஊர்ப் பெயருக்கு அர்த்தம் தேடியிருக்கிறார். கெலாங் என்றால் வளையல், பாத்தா என்றால் உடைந்தது. 'உடைந்த வளையல்'! அங்கே ஒரே களேபரம். கல்யாணப் பத்திரிகையில் போய் வளையல் உடைந்தது என்று யாராவது போடுவார்களா? இந்தப் பெயருக்கு இங்குள்ளவர்கள் சொல்லும் கதைகள் வேறு, நமக்கு வளையல் உடைவது என்றால் வேறு. கடைசியில் பத்திரிகையை மறுபடி அச்சடித்து, ஊரை 'இஸ்கண்டார் புத்ரி' என்று மாற்றிவிட்டார்கள். அரசாங்கமே பக்கத்து நூசாஜெயாவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த பிறகு நமக்கென்ன? நானும் உன்னைப்போல விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்த வாய்க்கு இரண்டு மாதத்தில் பாடம் வந்தது. அதை உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன் போலிருக்கிறது.

ஒரு கல்யாண ஆல்பம் வந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை, போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்துப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார். கல்யாணத்தன்று அந்த அம்மா கட்டியிருந்தது கிளிப்பச்சைச் சேலை, மாம்பழ மஞ்சள் பார்டர். அடேயப்பா, என்ன கலர்! குழுப் படத்தில் ஓரமாகத்தான் நிற்கிறார், ஆனாலும் கண் நேராக அங்கேதான் போகிறது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி எனக்கு வாட்ஸ்அப் போட்டாள்: "அந்தம்மா சேலை கலர் பொண்ண அமுக்குது. கொஞ்சம் டல்லாக்கி விடுங்க, பார்க்க மரியாதையா இருக்கும்."

'மரியாதை' என்ற வார்த்தையை நான் கவனிக்கவில்லையடி. பெண்ணை அமுக்குகிறது என்றதும், தொழில் ரீதியாகச் சரிதானே என்று தோன்றிவிட்டது. ஓரத்தில் இருக்கும் பளிச் கலரை அடக்குவது தினமும் செய்கிற வேலை. சேலைக்கு மாஸ்க் போட்டேன், பச்சையையும் மஞ்சளையும் 70 கீழே இழுத்தேன். எல்லாப் படத்திலும். ஆல்பம் பிரிண்டுக்குப் போய்விட்டது.

ஆல்பத்தை வாங்க அந்த அம்மாதான் வந்தார். பாசார் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து தே ஓ சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மகள் முகத்தை விரலால் தடவினார். குழுப் படம் வந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எஞ்சேல சாயம் போயிருக்கு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "கடக்காரர் சாயம் போவாதுன்னுதானே சொன்னாரு" என்றார், தப்பு தன்னுடையது மாதிரி.

படத்தை நானும் அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருத்தர் மட்டும் வெள்ளைச் சேலை கட்டினவர் மாதிரி நிற்கிறார். நான் ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு வெள்ளை கட்டிவிட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்துக் கிழவிகள் நாலு பேர் கூடிச் செய்ததை, நான் விடிகாலையில் பால் இல்லாத தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒற்றை விரலால் செய்திருக்கிறேன். பிரிண்ட் சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்று பொய் சொல்லி ஆல்பத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் நிற்கிறார். ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார், கம்பெனி சட்டையோடு. கையில் துணிப் பை. உள்ளே அந்தச் சேலை, மடிப்புக் கலையாமல். "பாருங்க, சாயம் போவல" என்று விரித்துக் காட்டினார். ஜாலான் உங்கு புவான் கடையில் எடுத்ததாம், மகளே பார்த்து எடுத்துக் கொடுத்ததாம். சன்னல் பக்கம் விரித்தபோது அறையே பச்சையாகிவிட்டது.

அந்தச் சேலையைத் திரைக்குப் பக்கத்தில் போட்டு வைத்துக்கொண்டுதான் திருத்தினேன். நல்லவேளை, கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பு அப்படியே இருந்தது. இந்த வேலையில் ஒரே புண்ணியம் அதுதான், அசலைத் தொடாமல் மேலே மேலே ஒட்டுகிறோம், மாஸ்க்கைக் கழற்றினால் பழைய கலர் திரும்பி வந்துவிடும். கழற்றினேன். திரையில் இருந்த பச்சைக்கும் கையில் இருந்த பச்சைக்கும் இன்னும் வித்தியாசம் இருந்தது. மண்டபத்து மஞ்சள் விளக்கு. அதையும் எடுத்துவிட்டு, இரண்டும் ஒன்றாகும் வரை விடவில்லை. அந்த அம்மா பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஆங்!" என்றார். ஆல்பம் ஒட்டிப் பிணைத்த வகை, ஒரு தாளை மட்டும் மாற்ற முடியாது, முழுசாக அடிக்க வேண்டியதாயிற்று. செலவு என்னுடையது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, ரைஸ் குக்கர் ரிப்பேர் என்று கணக்கு எழுதியிருக்கிறேன்.

அந்த அத்தை இப்போது பாசார் மாலாமில் என்னைப் பார்த்தால் தக்காளிக் கூடைக்குள் தலையை விட்டுக்கொள்கிறாள்.

இனி உன் படம். நீயே செய்ய வேண்டுமென்றால் உன் மகன் போனில் ஸ்னாப்சீட் இருக்கும், இலவசம்தான். முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கு. பிறகு செய்த திருத்தங்களின் பட்டியலுக்குள் போய் அந்தக் கறுப்பு வெள்ளையைத் தட்டி, தூரிகையை எடு. எடுத்ததும் படம் பழையபடி கலராகிவிடும், அலறாதே. எங்கே தடவுகிறாயோ அங்கே மட்டும் கறுப்பு வெள்ளை ஏறும். தூரிகையின் பலத்தை 100இல் வைக்காதே, 50இல் வை. பின்னால் இருக்கும் நாற்காலி, ஜெனரேட்டர், உன் பெரிய நாத்தனார் (மன்னித்துக்கொள்), இவற்றின்மேல் மட்டும் தடவு. சுற்றியிருப்பது பாதி அடங்கினால் போதும், உன் சேலை தானாக எழுந்து வரும். உன் வீட்டுக்காரர் வேட்டிக் கரையையும் முகத்தையும் மட்டும் தொடவே தொடாதே. அந்த மனுஷன் அன்றைக்கு வெட்கத்தில் சிவந்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. ராத்திரி மஞ்சள் பல்பு அடியில் உட்கார்ந்தும் செய்யாதே, கண் அந்த மஞ்சளுக்குப் பழகிவிடும், காலையில் பார்த்தால் எல்லார் முகமும் மஞ்சள் பாரித்திருக்கும்.

உனக்குப் பொறுமை இல்லை, எனக்குத் தெரியும். அதனால் என்னிடமே அனுப்பு. ஆனால் ஆல்பத்துக்கு மேல் போனை நீட்டி, குழல் விளக்கு பளபளக்க ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளாதே. அது படத்தைச் சுருக்கி, ஓரமெல்லாம் அரித்துத்தான் கொடுக்கும். பிரிண்டையே அட்டைக்கு நடுவில் வைத்து போஸ் லாஜுவில் போடு. நான் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு அடுத்த வாரமே திருப்பி அனுப்புகிறேன்.

இன்னொன்று. 25 வருஷப் பிரிண்டில் சாயம் மாறியிருக்கும், அதை நம்பி நான் கலர் வைக்க முடியாது. அந்தக் கூறைச்சேலை இன்னும் உன் அலமாரியில்தானே இருக்கிறது? காலை வெயில் வரும் வாசலில் முந்தானையை மட்டும் விரித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. இல்லை, சேலையையே பொட்டலத்தில் சேர்த்துப் போட்டுவிடு. ஒருநாள் கட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.

உன்,
கெலாங் பாத்தாக்காரி